ஓடிபி அக்கா

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் எங்கள் ஆபீஸ். தனியார் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் தயார் செய்து கொடுக்கிற வேலை. மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் ரிவிஷன் என்று வருஷம் முழுக்க யாருக்காவது ஒரு பரீட்சை நடந்துகொண்டே இருக்கும். டீச்சர்கள் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதை டைப் அடித்து, படம் போட்டு, பிழை திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் பிழை திருத்தச் சேர்ந்தவள். பதினாறு வருஷம் ஆகிறது. ஆனால் கடைசி நாலைந்து வருஷம் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால், ஆறு ஆறு எண்ணாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

கொரோனாவுக்கு முன்னால் எல்லாரும் ஆபீஸுக்குத்தான் வந்தார்கள். டைப் அடிக்கிறவர்கள் மூன்று பெண்கள். ஒருத்தி ஊரப்பாக்கம், ஒருத்தி பெருங்களத்தூர், ஒருத்தி கோவிலம்பாக்கம். ஆபீஸில் அவர்களை ஊர்ப் பெயரால்தான் சொல்வோம். "ஊரப்பாக்கம் ஃபைல் அனுப்பிட்டாங்களா? பெருங்களத்தூர் இன்னைக்கு லீவா?" என்று சார் கேட்பார். சார் என்றால் எங்கள் முதலாளி. என்னைவிட எட்டு வயது சின்னவர், அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸில் எல்லாருக்கும் நான் அக்கா. பள்ளிக்கூட கிளார்க்குகளுக்கும் அக்கா. கீழே ஸ்வீட் கடைக்காரருக்கும் அக்கா.

ஊரடங்கு வந்ததும் கம்ப்யூட்டர்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பினோம். ஆட்டோ கிடைப்பதே பெரும்பாடு. ஒரு ஆட்டோக்காரர் சிபியூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, இம்மாங் கனமா கீது, உள்ள கருங்கல்லு வச்சிகினு போறியா?" என்று கேட்டார். கேள்வித்தாள் என்றேன். அவர் நம்பவில்லை. ஊரடங்கு முடிந்த பிறகும் கம்ப்யூட்டர்கள் திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை நடக்கிறதே, எதற்கு ரயிலேறி வரவேண்டும் என்று அவர்களுக்கு நிம்மதி. எதற்கு மூன்று மேசை, மூன்று ஃபேன் என்று சாருக்கும் நிம்மதி. மேசைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அறையில் நானும் சாரும் மட்டும் மிஞ்சினோம்.

வீட்டு வேலை என்றால் சும்மா இல்லை. கோவிலம்பாக்கத்தில் அவள் மாடியில் இருக்கிற நாலு வீட்டுக்கும் ஒரே வைஃபை. அதன் பாஸ்வேர்டு பால்காரருக்குக்கூடத் தெரியும். பெருங்களத்தூரில் மத்தியானம் வரை இவள் டைப் அடிப்பாள், பிறகு அதே கம்ப்யூட்டரில் அவள் வீட்டுக்காரர் எதையோ பார்ப்பார், சாயங்காலம் பிள்ளை படம் வரையும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாளில், ஒளிச்சேர்க்கை படம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பச்சை டைனோசர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கண்டுபிடித்தது நான். அதன் கீழே "பாகங்களைக் குறிக்கவும், ஐந்து மதிப்பெண்" என்று வேறு இருந்தது. அன்று சிரித்ததுதான், அதற்கப்புறம் அந்த வேலையில் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு எங்கேயோ ஏதோ ஒரு பள்ளியில் கேள்வித்தாள் வெளியே போய்விட்டது என்று பேச்சு வந்தது. எங்கள் பள்ளிகள் உஷாராகிவிட்டன. இனிமேல் ஈமெயிலில் எதுவும் அனுப்பக் கூடாது. ஒரு வெப்சைட் இருக்கிறது, ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. உள்ளே போக ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஓடிபி என்று ஆறு எண் வரும். அதைப் போட்டால்தான் ஃபைல் திறக்கும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? அந்த வெப்சைட் கம்பெனியிலிருந்து ஒருவர் வீடியோவில் வந்து ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார். பாதி ஆங்கிலம், மீதியும் ஆங்கிலம். நடுவில் கோவிலம்பாக்கம் மைக்கை மூட மறந்து, "டேய், பால் பொங்குதுடா, இறக்குடா" என்று கத்தினாள். "எனி டவுட்ஸ்?" என்று அவர் கேட்டார். எல்லாரும் "இல்ல சார், புரிஞ்சுது சார்" என்றோம்.

ஓடிபி எந்த நம்பருக்கு வரவேண்டும் என்ற கேள்வி வந்தபோது சார் ஒரு முடிவு எடுத்தார். "ஆளுக்கு ஒரு நம்பர்னு குடுத்தா யாரு எப்போ உள்ள போறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே நம்பர்ல வரட்டும். ஆபீஸ் போன்ல. அக்கா வச்சிருப்பாங்க. அப்போதான் நம்ம கன்ட்ரோல்ல இருக்கும்." எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கூத்தை இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பெண்களும் தினம் ஒரு தடவை பாஸ்வேர்டு மறப்பார்கள். தொல்லை தாங்காமல் மூன்று அட்டை வெட்டி, முத்து முத்தாக எழுதினேன். பெயர், பாஸ்வேர்டு, அதற்குக் கீழே "ஓடிபிக்கு: அக்கா" என்று ஆபீஸ் போன் நம்பர். சிபியூ பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன். என் கையெழுத்தை எல்லாரும் மெச்சினார்கள்.

அன்று தொடங்கியது. காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது போன் அடிக்கும். "அக்கா, நான்தான், ஓடிபி." சொல்லுவேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அடிக்கும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது அடிக்கும். ஒரு தடவை செம்பாக்கத்தில் சாவு வீட்டில், மாலையைப் போட்டுவிட்டு நகர்வதற்குள் அடித்தது. பந்தல் ஓரமாக ஒதுங்கி நின்று ஆறு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாளுக்கு முப்பது, பரீட்சை நேரத்தில் நாற்பது. பெண்கள் மட்டுமில்லை, பள்ளிக் கிளார்க்குகளும் அதில் அடக்கம். தாளை வெப்சைட்டிலிருந்து இறக்கிக்கொள்ள அவர்களுக்கும் ஓடிபி வேண்டும், அதற்கும் எங்கள் நம்பரையே போட்டுக் கொடுத்திருந்தார் சார். ஓடிபி வருகிற ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரி இருக்கும், இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று. அந்த வரியைத் தாண்டித்தான் எண்ணைப் படிப்பேன். கண் அதைப் பார்க்கவே பார்க்காது.

யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் யார் சொல்கிறார்கள்? நான்தான் என்றால் நான்தான். சொந்த போனில் சார்ஜ் இல்லை என்று வீட்டுக்காரர் போனிலிருந்து, மாமியார் போனிலிருந்து, மேல் வீட்டுக்காரி போனிலிருந்து எல்லாம் கூப்பிடுவார்கள். புது நம்பரா பழைய நம்பரா என்று பார்ப்பதை முதல் மாதமே நிறுத்திவிட்டேன். குரலைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொள்ளவும் எனக்குச் சக்தி இல்லை. யாராக இருந்தால் என்ன, எண்ணைச் சொல்லித் தொலைத்தால் சாப்பாட்டை முடிக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு மூன்று வாரத்தில். மறுநாள் ஒரு பள்ளியில் கணக்கு ரிவிஷன் தேர்வு. மத்தியானம் ஒன்று நாற்பது இருக்கும். ஆபீஸில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். "அக்கா, நான்தான். ஓடிபி வந்துச்சா?" ஒரு பெண் குரல். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. சொன்னேன். "தேங்க்ஸ்க்கா" என்று வைத்துவிட்டாள். ஊறுகாயைத் தொட்டு அடுத்த வாய் வைத்தேன்.

எங்கள் பெண்கள் யாரும் தேங்க்ஸ் சொல்ல மாட்டார்கள். "ம்" என்று வைத்துவிடுவார்கள். அது எனக்கு உறைத்தது மறுநாள்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பள்ளியின் பிரின்சிபால் மேடம் சாரைக் கூப்பிட்டார். சார் பேசப் பேச முகம் சுருங்கிக்கொண்டே போனது. கணக்குத் தாள் முதல் நாள் சாயங்காலமே பெற்றோர்கள் குரூப்பில் வந்துவிட்டதாம். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை, நாங்கள் தாளைச் சுற்றிப் போடுகிற பார்டர் கோட்டோடு. பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். வெப்சைட்டில் பதிவு பார்த்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பத்திரண்டுக்கு ஊரப்பாக்கத்துப் பெண்ணின் பெயரில் யாரோ உள்ளே போய்த் தாளை இறக்கியிருக்கிறார்கள்.

அவளுடைய மகள் அதே பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். சார்தான் சொல்லி சீட் வாங்கிக் கொடுத்தார். கெட்டிக்காரப் பெண், கணக்கில் மட்டும் கொஞ்சம் மட்டு. இதற்கு மேல் யாருக்கு என்ன விசாரணை வேண்டும்? தாள் அம்மாவிடம் இருந்தது, அம்மா மகளுக்குக் காட்டினாள், மகள் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. விசாரணை முடிகிற வரை பெண் பள்ளிக்கு வர வேண்டாம், ஹால் டிக்கெட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து திறந்தது என்று அந்த வெப்சைட்காரர்களிடம் கேட்டால் தெரிந்திருக்கும். ஒருத்தரும் கேட்கவில்லை.

"அவங்களா இப்படி?" என்று சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பாத்ரூம் பக்கம் போய் நின்று போனைத் திறந்து பார்த்தேன். ஒன்று நாற்பது, தெரியாத நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மாலையில் கூப்பிட்டேன், அப்போதும் ஸ்விட்ச் ஆஃப். ஊரப்பாக்கத்துக் கம்ப்யூட்டர் போன மாதம் ரிப்பேர் என்று ஒரு கடையில் நாலு நாள் கிடந்தது எனக்கு நினைவு வந்தது. என் அட்டையோடுதான் போயிருக்கும். கடைக்கு வந்து போனவர்கள் எத்தனை பேர், யார் அதைப் பார்த்தார்கள், இன்று வரைக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் ஊரப்பாக்கத்துப் பெண் என்னைக் கூப்பிட்டாள். குரலே இல்லை அவளுக்கு. "அக்கா, நேத்து மத்தியானம் நான் வீட்டுலயே இல்லக்கா. கரண்ட் பில்லுல பேர் மாத்தணும்னு ஈபி ஆபீஸ் போயிருந்தேன். பொண்ணு மட்டும்தான் இருந்தா, ஸ்டடி ஹாலிடே. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. அவ உங்ககிட்ட ஓடிபி கேட்டாளா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பெண்ணின் குரல் இல்லை, முப்பது முப்பத்தைந்து வயதுக் குரல், தெருவிலிருந்து வந்த போன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. கேள்வித்தாளை வெளியே விட்டது நான். ஐம்பத்து மூன்று வயது. வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடி மூன்று வருஷம். எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

"ஞாபகம் இல்லம்மா" என்றேன். "ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குச் சொல்றேன். யாரு எப்போ கேட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரிக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை முழுக்க ஆபீஸில் வேலை ஓடவில்லை. மற்ற இரண்டு பேரும் கூப்பிட்டு ஓடிபி கேட்டார்கள், சொன்னேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன், வேறு வழி என்ன, திங்கட்கிழமைக்கு வேறொரு பள்ளியின் தாள் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர், "என்ன, முகம் இப்படிக் கிடக்குது?" என்று கேட்டார். மூட்டு வலி என்றேன். தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முட்டியில் தேய்த்துவிட்டார். வலியே இல்லாத முட்டி. அழுகை வந்துவிட்டது. எனக்கு என்மேல் அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை சார் வந்து உட்கார்ந்ததும் முன்னால் போய் நின்றேன். போனைத் திறந்து அந்த நம்பரைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அட்டை எழுதி ஒட்டியது உட்பட. சார் அந்த நம்பரை இரண்டு தடவை படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"அக்கா, இதை வெளிய சொல்லாதீங்க."

"என்ன சார்?"

"யோசிச்சுப் பாருங்க. ஒரு ஸ்டாஃப் தப்பு பண்ணிட்டாங்கன்னா அது அவங்க தப்பு. நீக்கிட்டேன்னு சொல்லிடலாம். நாம ஓடிபியை யார் கேட்டாலும் போன்ல சொல்லிட்டிருந்தோம்னு தெரிஞ்சா, இந்த ஸ்கூல் மட்டுமா போகும்? எல்லாமே போயிடும். நீங்க, நான், அந்த ரெண்டு பொண்ணுங்க, எல்லாரும் தெருவுல நிக்கணும்."

"அந்தக் குழந்தை சார்?"

"அதுக்கு வேற ஸ்கூல்ல நான் பேசறேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. மூன்று நாளாக என்மேல் இருந்த கோபம் எல்லாம் அவர்மேல் போய் விழுந்தது. "பொதுத்தேர்வுக்கு மூணு வாரம் இருக்கு சார். எந்த ஸ்கூல்ல சார் இப்போ சேர்த்துப்பாங்க? விளையாடறீங்களா? பச்சைப் புள்ள வாழ்க்கை சார் அது. நான் சோறு தின்னுகிட்டே ஒருத்திக்கு நம்பரை ஒப்பிச்சேன், அதுக்கு அந்தப் பொண்ணு வீட்டுல உக்காரணுமா?"

சார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் பாவம்தான். வட்டிக்கும் வாடகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற மனுஷன். நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் பேங்க் மாதிரிப் பாதுகாப்பு வேண்டும் என்றால் எங்கே போவார்? "உங்க இஷ்டம்க்கா" என்றார் கடைசியில். போனைக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பள்ளியில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். மேடம் கூப்பிட்டதும், நான் யார் என்று சொல்லி, போனை மேசையில் வைத்தேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் நம்புகிற மாதிரித் தெரியவில்லை. "யார் கேட்டாலும் குடுத்துடுவீங்களா? பேர்கூடக் கேக்க மாட்டீங்களா?" என்றார்.

"கேக்க மாட்டேன் மேடம். உங்க ஆபீஸ்லேர்ந்து கேக்கறப்பவும் கேட்டதில்ல."

"எங்க ஆபீஸா?"

வியாழக்கிழமைப் பட்டியலை மேலே தள்ளிக் காட்டினேன். அந்தப் பள்ளியின் நம்பரிலிருந்து மட்டும் அன்று ஐந்து போன். கதவோரம் நின்ற கிளார்க் அம்மா தரையைப் பார்த்தார். அவரும் "அக்கா, நான்தான்" என்று கேட்கிறவர்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவரே வெப்சைட் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னார். இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. தாளை இறக்கியது எங்கள் கம்ப்யூட்டர் இல்லை, அதுவரை அந்த வெப்சைட்டுக்குள்ளேயே வராத வேறு ஏதோ ஒன்று. கேட்க இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கிறது.

மேடம் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். இந்த வருஷத்தோடு எங்களுக்கும் அவர்களுக்கும் கணக்கு முடிந்தது என்றார். சரி என்றேன். கடைசியில், "அந்தப் பொண்ணை நாளைக்கே வரச் சொல்லுங்க. ஹால் டிக்கெட்ல பிரச்சனை ஒண்ணும் இல்ல" என்றார். அதற்குத்தானே வந்தேன்.

போனில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் போகலாம் என்று தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். மத்தியான வண்டி, உட்கார இடம் கிடைத்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன, எனக்குக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தது. நல்ல சேதியோடு போகிறேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நானும் மன்னிப்புக் கேட்டுவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே ஊரப்பாக்கத்தில் இறங்கினேன்.

இரண்டாவது மாடி வீடு. கதவைத் திறந்தவள் முகத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. நாலு நாளாகத் தூங்காத முகம். உள்ளே கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் பள்ளியில் நடந்ததை முதலில் சொன்னேன். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள், ஹால் டிக்கெட் உண்டு என்றேன். பிறகு போனைக் காட்டி மீதியைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள் கேட்டபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அழவும் இல்லை. போனை வாங்கி அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை அவளை அடிச்சேன்க்கா" என்றாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க இல்ல. வேற யாராவது கேட்டிருந்தா அக்கா கண்டிப்பா சொல்லியிருப்பாங்க, என் பொண்ணைக் காட்டிக் குடுக்க வேணாம்னுதான் மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். அப்போ இவதான்னு முடிவு பண்ணிட்டேன். தோசைக் கரண்டியால அடிச்சேன். நான் எடுக்கலம்மான்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அதுக்கப்புறம் வாயே தெறக்கல. அடி நிக்கட்டும்னு, ஆமா, எடுத்தேன்னு சொல்லிட்டாக்கா. எடுக்காததை எடுத்தேன்னு சொல்லிட்டா."

என்னை அவள் அவ்வளவு நல்லவள் என்று நம்பியிருக்கிறாள். மறைத்ததைக்கூட தன் பெண்ணுக்காக மறைத்தேன் என்று நினைத்திருக்கிறாள். "மன்னிச்சிடும்மா" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து அப்படியே கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை, தள்ளிவிடவும் இல்லை. "வெள்ளிக்கிழமை கேட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அசதியாகக் கேட்டாள்.

உள் அறையிலிருந்து மகள் வந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும், அந்த வீட்டுக்கு நடுவில் இருப்பதே ஒரு சுவர்தான். "வாங்க ஆன்ட்டி" என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்கை சட்டை போட்டிருந்தாள், அந்த வெயிலில். நாளைக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்லிட்டாங்கம்மா, உன்மேல தப்பு இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு என்றேன். தலையாட்டினாள். அம்மா மடியில் கிடந்த போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல அந்த நம்பரைப் பார்த்தப்புறம்தான் அம்மா நம்பினாங்களா ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டாள்.